பிஜன் ஃபோர்ஜ் வொண்டர்வொர்க்ஸ்: அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தேங்காய்ச்சில்லு

வணக்கம் மக்களே. ஜூலை இரண்டாவது வாரம் வட கரோலினாவில் இருக்கும் சார்லட்டிலிருந்து டென்னசி மலைப்பக்கம் இருக்கும் பிஜன் ஃபோர்ஜுக்குக் கிளம்புகிறோம். மூன்று ராத்திரிக்குக் கேபின் எடுத்தாயிற்று, இனி ரத்து செய்தால் பணம் வராது. நாங்கள் இருவர், பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 6, கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா அம்மா. அப்பாவுக்கு 71, பேராவூரணிப் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 66, முட்டி வலி உண்டு, அதைவிடப் பெரிய தொல்லை தலைசுற்றல், லிஃப்ட் கொஞ்சம் வேகமாக இறங்கினாலே சுவரைப் பிடித்துக்கொள்வார்.

மலை பார்க்கத்தான் போகிறோம். ஆனால் நாங்கள் இருக்கும் மூன்று நாளும் மதியத்துக்கு மேல் இடியுடன் மழை என்று போன் சொல்கிறது. பிள்ளைகள் இரண்டும் வொண்டர்வொர்க்ஸ் என்கிற அந்தத் தலைகீழாக நிற்கும் கட்டடத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக உயிரை எடுக்கிறார்கள். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்றால், ஊரில் பொருட்காட்சிக்குப் போனால் ராட்டினம், மரணக்கிணறு, தட்டை மறைக்கிற டெல்லி அப்பளம் எல்லாம் சேர்த்து ஆகிற செலவுக்கு இங்கே உள்ளே கால் வைக்கக்கூட முடியாது, ஆறு பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இரண்டு பேர் ஓரமாக உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்வதற்கா என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன தடவை வேறு ஓர் ஊரில் இப்படி ஓர் இடத்துக்குப் போய், அப்பா மூன்று மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளைக் காவல் காத்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறு மாத விசாவில் வந்துவிட்டு வீடு, பார்க், இந்தியக் கடை என்றே முக்கால்வாசி நாள் போய்விட்டது.

உள்ளே போனவர்கள் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா, இல்லை நானும் பிள்ளைகளும் போய்விட்டு அவர்களைக் கேபினில் விட்டுவிடலாமா? அப்புறம் இன்னொன்று. அங்கே சூறாவளிக் காற்றை அனுபவிக்கிற அறை என்று ஒன்று இருக்கிறதாம். கஜா புயலில் எங்கள் தோப்பில் நூற்றுப் பதினெட்டுத் தென்னை சாய்ந்தது. அந்த அறையில் அம்மா முன்னால் பிள்ளைகள் குதிப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

மலைக்குருவி

நாங்கள் நாக்ஸ்வில்லில் இருக்கிறோம், அங்கிருந்து முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டிப் போய்க் கூட்டிப் போய் அந்தக் கட்டடத்துக்குள் நான்கு முறை போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அது என்ன என்று. பேரைப் பார்த்து ஆர்கேட், அதாவது காசு கொடுத்து மெஷினில் ஆடுகிற கூடம், என்று நினைக்கிறார்கள், ஆர்கேட் அதில் ஒரு பகுதிதான். மீதி எல்லாம் தொட்டுப் பார்க்கிற அறிவியல் சாமான்கள், நூற்றுக்கு மேல் இருக்கும். முதல் வொண்டர்வொர்க்ஸ் 1998இல் ஆர்லாண்டோவில் வந்தது, பிஜன் ஃபோர்ஜில் இருப்பது 2006இல் வந்தது. கதை ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள்: பெர்முடா முக்கோணத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருந்ததாம், செயற்கையாகச் சுழற்காற்று உண்டாக்கப் போய் அது கட்டடத்தையே தூக்கிக் கொண்டுவந்து இங்கே குப்புறப் போட்டுவிட்டதாம். அதனால் தூண், ஜன்னல் எல்லாம் தலைகீழ். நுழைந்ததும் ஒரு சுழலும் சுரங்கப்பாதை, அதைத் தாண்டினால் நம்மை 'நேராக்கி' விடுகிறார்களாம்.

அந்தச் சுரங்கப்பாதைதான் உங்கள் அம்மாவுக்கு ஆகாது. நடுவில் நடைபாலம் அசையாமல் நிற்கும், சுற்றியுள்ள விளக்குகள் மட்டும் உருளும், ஆனால் சத்தியமாக நாமே கவிழ்கிற மாதிரி இருக்கும். என் மாமனார் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "நான் வரலடா" என்று நின்றுவிட்டார். வாசலில் நிற்கும் பையனிடம் சொன்னேன், வேறு வழியாகக் கூட்டிப் போனான். நீங்கள் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், லிஃப்டும் இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். இயற்பியல் வாத்தியார் என்றால் அவரைத் தயவுசெய்து கேபினில் விடாதீர்கள், பாவம். ஆணிப் படுக்கை இருக்கிறது, சோப்புக் குமிழுக்குள் ஆளையே நிறுத்துகிற இடம் இருக்கிறது, நிலநடுக்கத்தில் ஆடுகிற அறை இருக்கிறது, கையில் மின்சாரம் பாய்கிற சமாசாரம் இருக்கிறது. எல்லாம் அவர் கரும்பலகையில் வரைந்த படங்கள்தான். என் மாமனார் கூட்டுறவு வங்கியில் இருந்தவர், அவரே அங்கே ஒவ்வொரு விளக்கப் பலகையையும் நின்று படித்தார், நாங்கள்தான் பசியில் இழுத்துக்கொண்டு வந்தோம்.

காற்று அறை பற்றி: கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும், உள்ளே போய் நின்றால் மணிக்கு 70 மைலுக்கு மேல் காற்றடிக்கும், வெளியே நிற்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சூறாவளி என்று இந்த நாட்டில் பெயர் வைக்கிற அளவே 74 மைல், அதாவது 119 கிலோமீட்டர். கஜா கரையைக் கடந்தபோதும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான். ஆனால் அது ஓரமாகத்தான் இருக்கிறது, விரும்பாதவர்கள் அந்தப் பக்கம் போகாமலே சுற்றி வரலாம்.

கடைசியாக ஒன்று. மழை பெய்தால் அந்தச் சாலையில் இருக்கிற அத்தனை பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். மழை வந்த பிறகு யோசிக்காதீர்கள். ஒன்று திறந்தவுடன் போங்கள், இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள். மூன்று மணிக்குப் போனால் ஆணிப் படுக்கைக்கே நாற்பது நிமிடம் வரிசை.

பழையசோறு

யாராவது ஒருவர் மாற்றிச் சொல்ல வேண்டும் இல்லையா, நான் சொல்கிறேன். போகாதீர்கள்.

நீங்கள் போகும் இடத்துக்கு அரை மணி நேரத்தில் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணமே கிடையாது, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் ஒரு நாளைக்கு 5 டாலர், அவ்வளவுதான், அதுவும் 2023இல்தான் வந்தது. நியூஃபவுண்ட் கேப் என்கிற கணவாய் வரை காரிலேயே போகலாம், 5,046 அடி, இறங்கினவுடன் டென்னசி, வட கரோலினா இரண்டு மாநிலமும் தெரியும், அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம். குவோஹி உச்சிக்கு (முன்பு கிளிங்மன்ஸ் டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, 2024 செப்டம்பரில் அந்த மலைப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டார்கள்) கடைசி அரை மைல் செங்குத்தாக ஏறும், அது முட்டிக்கு வேண்டாம், ஆனால் வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்தே மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். ஊரில் கொடைக்கானல் பார்க்காதவர்களா அவர்கள் என்று கேட்காதீர்கள், இது வேறு. மழை மதியத்துக்கு மேல்தானே, காலையில் ஏழு மணிக்குக் கிளம்புங்கள்.

எனக்கு இந்த உள்ளரங்கு ஆட்டங்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்றால் சொந்தக் கதை. அந்தச் சாலையிலேயே வேறு ஓர் ஆர்கேட், பெயர் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கினோம். ஆட்டத்துக்குத் தேய்க்கிற கார்டில் முப்பது டாலர் ஏற்றினேன், தீர்ந்தது, பையன் முகத்தைப் பார்த்து இன்னும் இருபது, அப்புறம் இன்னும் இருபது. ஒரு மெஷினில் கார்டைத் தேய்த்தால் பணம் போகிறது, ஆட்டம் தொடங்கவில்லை, அங்கே இருந்த பெண்ணிடம் சொன்னால் "மறுபடியும் தேயுங்கள்" என்கிறார். தேய்த்தேன், மறுபடியும் போனது. எழுபது டாலருக்கு ஆடிச் சேர்த்த பாயிண்டை எல்லாம் பரிசுக் கவுண்டரில் கொடுத்தபோது கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் மோதிரம், இரண்டு புளிப்பு மிட்டாய், வாயால் ஊதினால் நாக்கு நீட்டுகிற ஒரு பீப்பி. பீப்பி காருக்குள்ளேயே கிழிந்தது. திருவிழாவில் வளையம் போட்டு சோப்பு டப்பா ஜெயித்தவனின் மகன் நான், எனக்கு இது தேவையா?

மன்னிக்கவும், நீளமாகப் போய்விட்டது. முடிவாக, அப்பா அம்மாவை மலைக்குக் கூட்டிப் போங்கள், வருகிற வழியில் ஏதாவது ஒரு நதியோரத்தில் புளியோதரையைப் பிரியுங்கள்.

கறிவேப்பிலை

பழையசோறு அண்ணா, மலை வேண்டாம் என்று யார் சொன்னது, காலையில் மலை, சாயந்திரம் கட்டடம், இரண்டும் ஒரே நாளில் நடக்கும். புளியோதரை மட்டும் ஜாக்கிரதை, அங்கே கரடிகள் கார் கதவைத் திறக்கிற அளவுக்குத் தேறியிருக்கின்றன. கேபினுக்கு வந்ததும் டப்பாவைக் காரில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், கதவைப் பூட்டுங்கள். எங்கள் பக்கத்துக் கேபின்காரர் ஒரு பாதி பாக்கெட் சிப்ஸுக்காக சீட்டுத் துணியை இழந்தார்.

தேங்காய்ச்சில்லு, நான் காது, சமநிலை பார்க்கிற கிளினிக்கில் வேலை செய்கிறேன், அம்மாவுக்கு நேராக வைத்தியம் சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன். அந்தச் சுரங்கப்பாதையில் நடப்பது இதுதான்: கண் "நீ உருள்கிறாய்" என்கிறது, உட்காதும் உள்ளங்காலும் "இல்லையே, நின்றுகொண்டுதானே இருக்கிறோம்" என்கின்றன, மூளை பெரும்பாலும் கண் பக்கம்தான் சாயும். பக்கத்து ரயில் நகரும்போது நம் ரயில் நகர்கிற மாதிரி இருக்குமே, அதே. அதனால் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நடந்தால் சட்டென்று அடங்கிவிடும், சுரங்கம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். நன்றாக இருப்பவர்கள் வேண்டுமானால் வேடிக்கைக்காக ஒரு முறை கண்ணை மூடி, ஒரு முறை திறந்து பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே தலைசுற்றல் இருப்பவர் என்றால் அந்தப் பரீட்சையே வேண்டாம், மாற்றுவழி கேளுங்கள். அதே காரணத்துக்காக நாற்காலி ஆடுகிற சினிமா, தலைகீழாகச் சுழற்றுகிற ரோலர்கோஸ்டர் கூண்டு, இரண்டும் அவருக்குக் கூடாது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம், கழுத்துத் தேய்மானம் ஏதாவது இருந்தால் அவருக்கும்.

உடை: சேலை என்றால் காற்று அறைக்கு முன்னால் முந்தானையை நன்றாகச் செருகி இரண்டு ஊக்கு போட்டுவிடுங்கள். கயிற்றில் தொங்கி நடக்கிற இடத்துக்கு மூடின ஷூ வேண்டும், பெரியவன் செருப்போடு வந்து நிற்கப் போகிறான், இப்போதே சொல்லிவிடுங்கள்.

உட்கார இடம் குறைவு, அதுதான் உண்மையான குறை. சத்தமும் அதிகம். அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவரை அதே ஊரில் கடைகளும் ஆட்டங்களும் சேர்ந்த 'தி ஐலண்ட்' பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள், வண்டி நிறுத்தவும் காசில்லை, உள்ளே போகவும் காசில்லை. நடுவில் பாட்டுக்கு ஆடுகிற நீரூற்று, சுற்றிலும் ஆடுகிற மரநாற்காலிகள். என் அத்தை இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் உடைகளைப் பற்றித் தமிழில் சத்தமாகக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பயணத்திலேயே அவருக்குப் பிடித்த இடம் அதுதான்.

இன்னொரு யோசனை: டைட்டானிக் மியூசியம் அதே சாலையில்தான், கப்பல் வடிவிலேயே கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழையும்போது உண்மையான ஒரு பயணியின் பெயர் போட்ட சீட்டைக் கையில் கொடுப்பார்கள், கடைசியில் போய்ச் சுவரில் தேடினால்தான் அவர் பிழைத்தாரா இல்லையா என்று தெரியும். அன்றைக்கு அந்தக் கடல் இருந்த குளிரில், 28 ஃபாரன்ஹீட், தண்ணீர் வைத்திருக்கிறார்கள், கையை விட்டுப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு அது மனசில் நிற்கும். ஆனால் ஆறு வயதுக்குச் சலிப்பாக இருக்கலாம்.

தேங்காய்ச்சில்லு

எல்லோருக்கும் நன்றி. கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற விஷயத்தை வீட்டில் சொன்னேன், அப்பா உடனே எழுந்து உட்கார்ந்து "சார்பு இயக்கம்" என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆக அப்பா வருவது முடிவாகிவிட்டது. ஆர்கேட் கார்டு பற்றி மட்டும் பயமாக இருக்கிறது, பழையசோறு அண்ணனின் பீப்பிக் கதையை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், அவருக்கு ஒரே சந்தோஷம். பெரியவன் பொம்மை பிடிக்கிற மெஷினைப் பார்த்தால் நகர மாட்டான். என்ன செய்வது?

ஜாய்ஸ்டிக்மாமா

எம்.எஸ். படிக்கும்போது ஒரு ஆர்கேடில் இரண்டு வருஷம் பகுதிநேர வேலை பார்த்தவன் என்கிற தகுதியில் எழுதுகிறேன் (முக்கால்வாசி நேரம் மெஷினுக்குள் சிக்கின கார்டையும் ஒரு தடவை ஒரு குழந்தையின் கையையும் எடுத்துக்கொண்டிருந்தேன்).

பொம்மை பிடிக்கிற மெஷினில் அந்தக் கொக்கியின் பிடி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. பல மெஷின்களில் உரிமையாளர் உள்ளே அமைத்து வைக்கலாம், இத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை முழு இறுக்கம் என்று. மற்ற நேரம் கொக்கி பொம்மையைத் தூக்கும், பாதி வழியில் விரலைத் தளர்த்திவிடும், நாம் 'ஐயோ, கொஞ்சத்தில் போச்சே' என்று இன்னொரு முறை தேய்ப்போம். அந்தக் 'கொஞ்சத்தில்'தான் வியாபாரமே. பையனிடம் இதைச் சொல்லாதீர்கள், காட்டுங்கள். ஓரமாக நின்று மற்றவர்கள் பத்து ஆட்டம் ஆடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள், எத்தனை தடவை நடுவில் விழுகிறது என்று அவனே எண்ணட்டும். பதினொன்று வயதுக்கு அது நன்றாகப் புரியும், தாத்தா பக்கத்தில் இருந்தால் நிகழ்தகவுப் பாடமும் இலவசம்.

காசு கொடுத்து ஆடினோம் என்கிற திருப்தி வேண்டுமானால் பந்தை உருட்டிக் குழிக்குள் போடுகிற ஸ்கீ-பால் ஆடுங்கள். 1908இல் நியூ ஜெர்சியில் காப்புரிமை வாங்கின ஆட்டம், இன்றைக்கும் அதில் பெரிதாக ஒளிக்க ஒன்றும் இல்லை, கை நிதானம்தான். ஒரு கார்டுக்கு நிறைய நேரம் ஓடும், பெரியவர்களும் நின்ற இடத்தில் ஆடலாம். பாயிண்டைப் பணமாக நினைக்கவே நினைக்காதீர்கள். ஆளுக்குப் பத்து டாலர், தீர்ந்தால் தீர்ந்தது என்று காரிலேயே சொல்லிவிட்டு, மறுபடி ஏற்றுகிற மெஷின் பக்கம் வீட்டுக்காரரை நிறுத்துங்கள்.

ஒரு விஷயம். சார்லட்டிலிருந்து வருவதால் சொல்கிறேன், 2024 ஹெலீன் புயலில் ஆறு அடித்துக்கொண்டுபோன ஐ-40 நெடுஞ்சாலையின் மலைப்பகுதியை 2025 மார்ச்சில்தான் திறந்தார்கள், அதுவும் பக்கத்துக்கு ஒரு லேன், மெதுவாகத்தான் போக முடியும். கூகுள் சொல்கிற நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு வளைவுகள் ஆகாது என்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

தேங்காய்ச்சில்லு

போய்விட்டு வந்தாயிற்று. கேட்டுவிட்டுக் காணாமல் போகிற ஆள் நான் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை மலை. பழையசோறு அண்ணா, நியூஃபவுண்ட் கேப்பில் நாங்கள் பார்த்தது மூடுபனி மட்டும்தான், இரண்டு மாநிலத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பிளாஸ்க் காபி குடித்துக்கொண்டே "மழைக்காலத்து மூணாறு மாதிரி" என்றார். மூணாறுக்கு அவர் ஒரே ஒரு முறை, 1985இல் போயிருக்கிறார்.

இரண்டாம் நாள் கட்டடம் திறந்தவுடன் போனோம், கூட்டமே இல்லை, மலைக்குருவி வாழ்க. அம்மாவைச் சுற்றுவழியில் கூட்டிப் போனார்கள். அப்பா சுரங்கத்தில் மூன்று முறை போய் வந்தார், ஒரு முறை கண்ணை மூடி, ஒரு முறை திறந்து, ஒரு முறை ஒற்றைக் கண்ணோடு. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன், "சும்மா" என்றார்.

ஆணிப் படுக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பலகை மேல் படுக்க வேண்டும், அசையாமல் கிடந்தால் அடியிலிருந்து ஆணிகள் துளைகள் வழியாக மெதுவாக மேலே வந்து நம்மைத் தூக்கும், மொத்தம் 3,500 ஆணி. பெரியவன் பயந்து பின்வாங்கிவிட்டான். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடி, பேனா, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டி அல்ல பேண்ட்தான் என்பதை ஒரு முறை உறுதி செய்துகொண்டு, நிதானமாகப் படுத்தார். ஆணிகள் மேலே வரும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், கண்ணை மேலே கூரையில் வைத்துக்கொண்டு உதடு அசைகிறது, மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போனால் வகுத்துக்கொண்டிருக்கிறார். "நான் 62 கிலோ. எனக்கு அடியில் ஒரு இரண்டாயிரம் ஆணி இருக்கும் என்று வைத்துக்கொள். ஆணிக்கு 31 கிராம். ஒரு சின்ன எலுமிச்சம்பழம். ஒரு எலுமிச்சம்பழத்தை ஆணி முனையில் வைத்தால் ஆணி உள்ளே போகுமா?" பேரன் இல்லை என்றான். "அப்போ படுடா." படுத்தான். ஆனால் அப்பா எழுந்திருக்கும்போது முழங்கையை ஊன்றி எழப் போனார், அங்கே நின்ற பெண் "நோ நோ நோ" என்று ஓடி வந்தாள், ஆணிகள் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். "ஆமாம், முழங்கையில் பரப்பு குறைவு, அழுத்தம் கூடும், நான்தான் தப்பு" என்று அவளிடம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டார். பீஷ்மர் படுக்கை என்று அன்றைக்கு ராத்திரி பேராவூரணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ போனது, இதுவரை நாற்பது பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எலுமிச்சம்பழக் கணக்கைக் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

காற்று அறை. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி வர எவ்வளவோ பார்த்தேன். சின்னவள் பாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள், "பாட்டி நீயும் வா, தனியா பயமா இருக்கு" என்று. நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தார். ஊக்கு என் பையில் இருந்தது, இரண்டு போட்டேன். கண்ணாடிக்கு வெளியே நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். உள்ளே காற்று ஏறிக்கொண்டே போகிறது, சின்னவள் கத்திச் சிரிக்கிறாள், தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கிறது. அம்மா ஒரு கையால் அவளை இடுப்போடு அணைத்து, மறு கையால் கம்பியைப் பிடித்து, முகத்தைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் காற்றை நேராகப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள், அம்மா மட்டும் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்னம்மா என்று கேட்டேன். "காத்து அவ்வளவுதான் இருந்துச்சு. சத்தம்தான் இல்ல" என்றார்.

ராத்திரி கேபினில் தோசை ஊற்றும்போது பெரியவன்தான் கேட்டான், என்ன சத்தம் பாட்டி என்று. ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, எனக்கே அவர் முழுதாகச் சொன்னதில்லை, போனில் "மரம் போச்சு, மனுஷங்க நல்லா இருக்கோம்" என்பதோடு முடித்துக்கொண்டவர். அன்றைக்குச் சொன்னார். 2018 நவம்பர் 16, விடியற்காலை, கரண்ட் முதல் நாளே போய்விட்டது. தென்னை ஒடிகிற சத்தம் வெடி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டதாம், அப்பா இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தாராம், நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லையாம். நடுவில் கொஞ்ச நேரம் காற்று நின்றது, முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் வெளியே வந்தார்கள், அப்பா கத்தி உள்ளே போகச் சொன்னார், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்ததாம். தோசைக் கல்லில் இரண்டு தோசை கருகிவிட்டது. அப்பா அந்த நேரத்திலும் "புயலின் கண்" என்று ஆரம்பித்தார், அம்மா "நீங்க சும்மா இருங்க" என்றார்.

மீதியைச் சுருக்கமாக: குமிழுக்குள் நிற்கிற இடம் சின்னவளுக்குப் பிடித்தது, கயிற்று நடை பெரியவனுக்கு (ஷூ இருந்தது, கறிவேப்பிலை அக்காவுக்கு நன்றி). ஆடுகிற சினிமாவுக்கு வீட்டுக்காரர் போய்விட்டு முகம் வெளுத்து வெளியே வந்து அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சி மிட்டாய் சாப்பிட்டார். பையைக் காவல் காத்தது கடைசியில் அவர்தான்.

ஆர்கேட்: பெரியவன் பொம்மை மெஷின் பக்கம் நின்று எண்ணினான், பதினெட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு பொம்மை, அதுவும் வேறு யாருக்கோ. ஆனால் ஸ்கீ-பாலில் அம்மா எங்கள் எல்லோரையும் அடித்துவிட்டார். பந்தைக் கீழிருந்து உருட்டுகிற கை அப்படி நிதானம், கூட்டிப் பெருக்கிய கை என்று அவரே சொல்லிக்கொண்டார். முதல் இரண்டு பந்து மட்டும் பக்கத்து மெஷினுக்குப் போனது.

அவர் ஜெயித்த பாயிண்டில் 340 இன்னும் கார்டில் கிடக்கிறது, பரிசுக் கவுண்டரில் அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, "இத எடுத்துட்டுப் போய் எங்க வைக்கிறது" என்றார். மலைக்குருவி, உங்கள் வீட்டுக்கு அடுத்த விருந்தாளி எப்போது வருகிறார்? கார்டை உறையில் போட்டு அனுப்பிவிடுகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

மலைக்குருவி

அக்டோபரில் மாமியார் வருகிறார். அனுப்புங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த 340ஐ வைத்து நான் ஒரு பீப்பி வாங்கிப் பழையசோறு அண்ணனுக்கு அனுப்பப் போகிறேன்.